எரியும்போது பட்டனை அழுத்தவும்

வலிக்கு யார் சாட்சி? அனுபவிப்பவரா, அளப்பவரா? இதை யோசிக்க எனக்கு உதவியது ஒரு சின்ன கேப்சூல்.

மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சலோடு வருபவர்களில் சிலருக்கு, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் எல்லைக்கு 6 சென்டிமீட்டர் மேலே அதைப் பொருத்துகிறார்கள். அங்கே ஏறிவரும் அமிலத்தின் அளவை, உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் ரிசீவருக்கு அது ரேடியோ அலையில் அனுப்பும். 2 நாள், சிலருக்கு 4 நாள். பிறகு தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். இதற்கு முன்பு மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செருகித்தான் அளந்தார்கள். இன்றும் அது உண்டு. மூக்கில் குழாயோடு யார் வழக்கம்போல் சாப்பிடுவார்கள், வெளியே போவார்கள்? வயர்லெஸ் வந்ததும் வாழ்க்கையை அதன் போக்கில் விட்டே அளக்க முடிந்தது.

பிஹெச் அளவு 4க்குக் கீழே இறங்கினால் அமிலம் ஏறியதாகக் கணக்கு. அப்படி ஏறியிருந்த நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு, 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய். இடைப்பட்டது இழுபறி.

ஆனால் அந்த ரிசீவரில் ஒரு பட்டனும் இருக்கிறது. எரியும்போதெல்லாம் நோயாளி அதை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முந்தைய 2 நிமிடத்தில் அமிலம் ஏறியதா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, சாட்சிகள் இரண்டு பேர்.

இரண்டும் முரண்பட்டால்? நண்பன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. "அமுக்கி அமுக்கி விரல் வலிச்சதுதான் மிச்சம்டா. ரிப்போர்ட்ல நார்மல்னு வந்துடுச்சு" என்றான். வீட்டில் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "பாத்தியா, எல்லாம் உன் மனசுதான்."

எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. அமிலம் ஏறியும் எரிச்சலே தெரியாதவர்கள் உண்டு; அவர்கள் விஷயத்தில் உடம்பு மௌனமாக இருக்க, எண்தான் பேசுகிறது. நண்பனுக்கும் அது நல்லதே செய்தது. வருடக்கணக்காக விழுங்கிய அமிலக் குறைப்பு மாத்திரையை நிறுத்த முடிந்தது.

ஆனால் "அமிலம் இல்லை" என்பது ஒரு வாக்கியம். "எரிச்சல் இல்லை" என்பது வேறொரு வாக்கியம். கருவி சொன்னது முதலாவதை மட்டும். இரண்டாவதைச் சேர்த்தது நாம். மருத்துவம்கூட நம்மைவிட நிதானமாகப் பேசுகிறது. அமிலம் இயல்பாக இருந்தும் எரியும் இந்த நிலைக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. நரம்புகளின் கூருணர்ச்சியைக் காரணங்களில் ஒன்றாகப் பார்க்கிறது, அதைத் தணிக்க மருந்தும் தருகிறது. பொய் சொல்கிறாய் என்று யாரையும் சொல்வதில்லை.

நன்றாகத் தூங்கினோமா என்று கைக்கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தலைமுறை நாம். நம் உடம்பையே எண்ணிடம் விசாரிக்கப் பழகியவர்களுக்கு அடுத்தவர் வலியை நம்பச் சான்று தேவைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் அமிலத்தை அளக்கலாம், எரிவதை எரிகிறவர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்தக் கருவியைச் செய்தவர்களே அதில் ஒரு பட்டனை வைத்தார்கள். ஒருவர் "எரியுது" என்கிறபோது, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அவரை நம்புவது, நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது.