தெய்வ பக்தியும் தேச பக்தியும்

பெருமாள் கோயில்களில் பிரம்மோற்சவம் கருடக் கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. துவஜஸ்தம்பத்தில் ஏறிய அக்கொடி உற்சவம் நிறைவுறும் நாளிலேயே இறங்கும். அதன் முன் கைகூப்பி நிற்கும் அடியார்களை அங்கே அழைத்து வருவது அன்பு ஒன்றே. திருப்பூருக்கு மற்றொரு கொடியின் பெருமையும் உண்டு. அது குமரன் காத்த கொடி. தெய்வத்தினிடம் வைக்கும் பக்தியும் தேசத்தினிடம் வைக்கும் பக்தியும் ஒன்றுதானா? வேறெனில், ஒன்றின் எல்லை எங்கே முடிந்து மற்றொன்றின் எல்லை எங்கே தொடங்குகிறது? இவ்விரு கொடிகளையும் ஒருசேர நினைப்பவர் நெஞ்சில் இவ்வினா எழுவது இயல்பே.

சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் குமரன். பிழைப்பை நாடித் திருப்பூருக்கு வந்து பஞ்சாலையில் பணிபுரிந்தார். 1932 ஜனவரியில் காந்தியடிகள் சிறைப்பட்டதும் நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஜனவரி 10-ஆம் நாள் திருப்பூர் வீதியில் தொண்டர்கள் கொடியேந்திச் சென்றனர். தடியடியில் மண்டை பிளந்து வீழ்ந்தபோதும் குமரனின் கை கொடியை விடவில்லை. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு. கொடியை ஏந்தாதே என்பதே அன்றைய அரசின் ஆணை. ஏந்து என்றது அவருடைய உள்ளம்.

அதே 1932-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. போரில் மாண்டவர்களைத் தெய்வங்களாக வைத்து வணங்கும் யாசுகுனி ஆலயம் அங்கே 1869 முதல் இருந்து வருகிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகிய சோஃபியாவின் மாணவர்களை இராணுவ அதிகாரி ஒருவர் அவ்வாலயத்திற்கு அழைத்துச் சென்றார். தம் சமயத்திற்கு ஒவ்வாது என்று சில மாணவர்கள் அங்கே தலை வணங்க மறுத்தனர். இராணுவம் சினங்கொண்டது. அவ்வணக்கம் சமயச் சடங்கு அன்று, நாட்டுப்பற்றையும் விசுவாசத்தையும் காட்டுவதே என்று கல்வி அமைச்சகம் விளக்கம் தந்தது.

அவ்விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1889-ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசியல் சட்டம் ஒரு வரம்புக்கு உட்பட்டுச் சமய உரிமையை வழங்கியிருந்தது. ஷிந்தோ ஆலய வணக்கம் சமயமே அன்று, குடிமகன் கடமை என்று அரசு கூறியதும், அவ்வுரிமை ஏட்டில் இருக்க, ஆணை நடைமுறையாயிற்று. பேரரசரின் கல்விப் பிரகடனத்தின் முன் ஆழ்ந்து தலை தாழ்த்தத் தயங்கியதற்காக 1891-ஆம் ஆண்டிலேயே உச்சிமுரா கான்சோ என்னும் ஆசிரியர் தம் பதவியை இழந்தார். அவர் கிறிஸ்தவர், தம் நாட்டை உயிரென நேசித்தவரும் ஆவார்.

அரசின் அரவணைப்பால் அந்நாட்டுப் பழஞ்சமயமேனும் வாழ்ந்ததா எனின், அதுவும் இல்லை. 1906 முதல் அரசின் திட்டப்படி பல்லாயிரம் சிற்றூர் ஆலயங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு மறைந்தன. ஊரார் வழிவழியாகத் தொழுத தெய்வங்கள் இடம் இழந்தன. எஞ்சிய வழிபாடு போருக்கு ஊழியம் செய்தது. 1945-ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் ஆலயங்களுக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. 1946 புத்தாண்டு நாளில் பேரரசர் தம்மைத் தெய்வமாகக் கொள்வதை மறுத்துப் பிரகடனம் செய்தார். 1947-இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் எவரையும் சமயச் சடங்கில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று விதித்தது.

அங்ஙனமாயின் அரசு ஆலயத்தின் பக்கமே வரலாகாதோ என்று ஒருவர் வினவலாம். இதற்கும் திருப்பூரிலேயே விடையின் தொடக்கம் உண்டு. 1922-ஆம் ஆண்டு இவ்வூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், ஆலயத்துள் புக இயலாதிருந்த வகுப்பாரின் உரிமை பேசப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் இந்துக்கள் அனைவருக்கும் கோயிற் கதவுகளைத் திறந்தது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறித் திருமந்திரத்தை எல்லார்க்கும் அருளிய உடையவரின் திருவுள்ளத்திற்கு இது மாறுபட்டதாகாது. வர விரும்புவோரைத் தடுக்காதே என்று சட்டம் கூறலாம். வந்து வணங்கியே தீர் என்று கூறலாகாது. எல்லை இதுவே.

பாரதத்தின் அரசியல் சட்டம் இருபத்தைந்தாம் பிரிவில் மனச்சாட்சியின் உரிமையைக் காக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் சமயக் கொள்கையால் பாடவில்லை. 1985-இல் பள்ளியினின்றும் நீக்கப்பட்ட அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. பாடாத வாயையும் பொறுக்கும் வலிமை அந்நாட்டுப்பண்ணுக்கு உண்டென்பதை அத்தீர்ப்பு காட்டிற்று.

ஜீவாத்மா எம்பெருமான் ஒருவனுக்கே அடிமை, பிறர் எவர்க்கும் உரியதன்று என்பது ஆசாரியர்கள் திருமந்திரத்திற்கு அருளிய பொருள். இதனை உணர்ந்த வைணவன் நாட்டுக்குத் தொண்டு செய்வான். வேண்டின் உயிரையும் தருவான். ஆயினும் நாட்டையோ அதனை ஆள்வோரையோ பரம்பொருளின் பீடத்தில் ஏற்றி வைக்கமாட்டான். தன் தெய்வத்தைப் பிறன் வணங்கவில்லை என்பதற்காக அவனது நாட்டுப்பற்றை ஐயுறவும் மாட்டான்.

இரயிலில் வந்திறங்கும் யாத்திரிகர், நிலையத்தின் அருகிலுள்ள குமரன் நினைவகத்தைக் கண்டு நின்று, பின்னர் வீரராகவப் பெருமாள் சந்நிதியை அடையலாம். முதலிடத்தில் நன்றி, இரண்டாம் இடத்தில் சரணாகதி. இரண்டும் உள்ளத்தினின்று தாமே எழுந்தால்தான் பெருமை. ஆணையினால் குனியும் தலையில் பக்தி இல்லை. அங்கே இருப்பது அச்சமே.