முதியோர் இல்லமும் மக்கள் கடனும்

பெற்றோரைப் பேணுதல் மக்கட்குரிய கடன் என்பதில் நம்மவருள் ஐயமுடையார் இலர். ஐயமெல்லாம் அக்கடனை எவ்வாறு இறுப்பது என்பதிலேயாம். அன்பர் ஒருவர் எம்மை அணுகி, "82 ஆண்டு நிரம்பிய என் அன்னையார் இருமுறை இரவில் இடறி வீழ்ந்தார், மருந்து உண்டதையும் உண்ணாததையும் மறக்கின்றார். யானும் என் மனைவியும் பகலெல்லாம் பணிமேற் செல்வோம். நீராட்டவும், மருந்தூட்டவும், இரவில் உடனிருக்கவும் செவிலியர் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் அவரை இருத்தலாமென எண்ணுகின்றேன். இது பாவமாமோ?" என வினவினார். வினவும்போதே அவர் கண்கள் நீர் நிறைந்தன. இவ்வினா இன்று பல மனைகளில் எழுவதாகலின் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருச்சிராப்பள்ளித் தலவரலாறு இதற்கு ஒரு விளக்காகும். கருவுயிர்க்கும் காலம் நெருங்கிய இரத்தினாவதி தன் தாயின் வரவை நோக்கியிருந்தாள். தாயோ காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டாள். அந்நிலையில் இறைவன் அத்தாயின் வடிவே கொண்டு வந்து மகப்பேற்றுக்குத் துணைநின்று, தாயுமானவர் என்னுந் திருப்பெயர் பெற்றனன். உரியவர் வர இயலாதபோது பிறர் கையால் நிகழும் பணிவிடையும் திருவருட்செயலே என்பது இதனாற் பெறப்படும். ஆகலின், செவிலியர் கையால் அன்னையைப் பேணுவித்தல் தன்னளவிற் குற்றமாகாது.

அற்றேல், எவரும் தம் பெற்றோரைப் பிறர்பால் ஒப்புவித்து அமைதியுறலாமோ எனின், உறலாகாது. அவ்வரலாற்றில் நாம் மறக்கும் பகுதி இரண்டுண்டு. அத்தாயைத் தடுத்தது வெள்ளம், விருப்பின்மையன்று. வெள்ளம் வடிந்ததும் அவள் மகளிடம் விரைந்து வந்தாள். இவ்விரண்டுமே நம்மை நாம் உரைத்துப் பார்க்குங் கல்லாகும். நம்மைத் தடுப்பது மெய்யாகவே வெள்ளமா, அன்றி ஒன்றையே பன்முறை வினவும் முதுமை நமக்கு விளைக்குஞ் சலிப்பா? வெள்ளம் வடியுந்தோறும் நாம் விரைந்து செல்கின்றோமா?

2007-ஆம் ஆண்டு இந்திய நாட்டில் இயற்றப்பெற்ற பெற்றோர், மூத்தகுடிமக்கள் நலச்சட்டமும், முதியோரை அறவே கைவிடுங் கருத்தோடு ஓரிடத்து விட்டுச் செல்லுதலைக் குற்றமெனக் கொண்டு, 3 திங்கள்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை தண்டமோ இரண்டுமோ விதித்தது. ஆயினும் சட்டம் புறத்தே நிகழ்வதையே காணவல்லது. திங்கள்தோறும் பணம் தவறாது செலுத்திக்கொண்டே உள்ளத்தாற் கைவிடுவாரை அஃது அறியாது. உயிர்க்குயிராய் நிற்கும் இறைவன் அறிவான்.

வீட்டில் வைத்திருத்தல் ஒன்றே அறமென்பார்க்கும் ஒரு சொல். ஊரார் பழிக்கு அஞ்சி, பூட்டிய கதவினுள் முதியவரைப் பகலெல்லாம் தனித்திருக்க விடுதல் பேணுதலாகாது. மருமகள் ஒருத்தியின் தோளிலேயே சுமை முழுதும் ஏற்றி மைந்தர் புகழ் கொள்ளுதலும் அறமன்று.

இனி, முதுமையில் தேய்வன கண், செவி, நினைவு முதலிய கருவிகளேயன்றி உயிரன்று என்பது நம் சித்தாந்தத் துணிபு. கருவி குன்றினமை கொண்டு, உயிரின் இச்சையும் ஒழிந்ததெனக் கருதி, அவரைக் கேளாமலே ஒரு பண்டம்போல எடுத்துவைத்தல் பெரும்பிழை. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பதும் நாம் கற்றதே. நாள்தோறும் விடியலில் விளக்கேற்றித் திருமுறை ஓதிவந்த ஒருவர் அவையெல்லாம் அற்ற அறையில் இருத்தப்படின், உணவும் மருந்தும் குறைவறக் கிடைப்பினும் உள்ளம் வாடும். ஆகலின், இல்லந் தேர்வார் தூய்மையும் மருத்துவமும் நோக்குவதோடு, வழிபட இடமுண்டா, திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்வாருண்டா, மக்கள் எளிதிற் சென்று காணுந் தொலைவா என்பனவும் நோக்குக. சின்னாள் இருந்து பார்த்துத் துணிதலும் நன்று. ஒவ்வாதென அவர் கூறின் மீளும் வழி திறந்திருத்தல் வேண்டும்.

"முதலில் அன்னையாரையே கேளும்" என்று அன்பரை அனுப்பினோம். சின்னாட் கழித்து மீண்டும் வந்தார். இரவில் வீழ்வதற்குத் தாமும் அஞ்சியிருந்ததாகவும், மகன் மனம் நோகுமென்று வாய்திறவாதிருந்ததாகவும் அன்னையார் கூறினராம். அவர் வேண்டியது ஒன்றே: பிரதோடந்தோறும் மகன் வந்து தம்மைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது. அன்பர் உடன்பட்டார். அச்சொல்லைக் காத்தலே இனி அவர்க்குச் சரியைத் தொண்டாகும்.

திருச்சிற்றம்பலம்.