ரசனையும் பொறுப்பும்

ஒருவர் பாடிய பாட்டை மற்றொருவர் மீளப் பாடினால், 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். ரசனை அவரவர் உரிமை என்பது மெய்யே. ஆயின், அப்பாட்டு பொதுவாழ்வில் புகுந்த பின்னரும் அது வெறும் ரசனைப் பிரச்சினையாகவே நிற்குமா?

1940ஆம் ஆண்டு அமெரிக்கக் கவிஞர் வூடி கத்ரி 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' என்னும் பாடலை எழுதினார். நாடு மக்கள் யாவர்க்கும் பொது என்பதே அதன் பொருள். தனியார் சொத்தென வழிமறிக்கும் பலகையையும், நிவாரண அலுவலகத்தின் முன் பசியோடு நிற்கும் மக்களையும் காட்டும் அடிகளும் அதில் இருந்தன. பாடசாலைகளிலும் மேடைகளிலும் பாட்டுப் பரவியபோது அவ்வடிகள் பெரும்பாலும் விடுபட்டன. காடும் பாலையும் கோதுமை வயலும் எஞ்சின. கேள்வி கேட்ட பாட்டு, வாழ்த்துப் பாட்டாயிற்று.

இரவல் பெறுதல் குற்றமன்று. கத்ரியே அதன் மெட்டைக் கார்ட்டர் குடும்பத்தினரின் பழைய பாடலொன்றிலிருந்து தழுவியவர். 2009 ஜனவரியில், ஒபாமாவின் பதவியேற்பையொட்டி வொஷிங்டனில் நடந்த இசைவிழாவில், 89 வயதான பீற் சீகர், புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீனுடன் சேர்ந்து விடுபட்ட அடிகளையும் பாடினார். அதுவும் பிறர் பாட்டை மீளப் பாடியதே. ஆனால் அங்கே பாட்டு தன் பொருளை மீட்டுக்கொண்டது.

மெட்டையும் தாளத்தையும் மாற்றுவது கலைஞனின் சுதந்திரம். பசித்தவனைப் பாட்டிலிருந்து வெளியேற்றுவது அச்சுதந்திரத்தில் அடங்காது. ஆகவே, 'இனிக்கிறதா?' என்று கேட்கும் நாம், 'எதை விட்டுவிட்டுப் பாடுகிறார்கள்?' என்றும் கேட்கப் பழகுவோம்.