தவணை

பழுது பார்ப்பது என்று சொல்கிறோம். இந்தச் சொல் எப்படி அமைந்தது என்பது மொழியியல்காரர்களின் விவகாரம். ஆனால் அதற்குள் ஒரு தார்மீக நிபந்தனை இருப்பதாக எனக்குப் படுகிறது. பழுது நீங்குகிறதோ இல்லையோ, முதலில் அது பார்க்கப்பட வேண்டும். பார்க்காமலேயே ஒரு பொருளை ஓடவைத்துவிட முடியும் என்றால், அந்த ஓட்டத்துக்கு என்ன மதிப்பு?

கேள்வி எழுந்த சந்தர்ப்பம் மிகச் சாதாரணமானது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்காக 8 வருஷம் உழைத்த லாப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது. முதலில் திரையில் செங்குத்துக் கோடுகள், பிறகு கட்டம் கட்டமாகச் சிதறிய நிறங்கள், பிறகு கறுப்பு. உள்ளே விசிறி ஓடுகிறது. ஹார்ட் டிஸ்கில் டிசைன்களும் பாதியில் நிற்கும் கட்டுரைகளும் அப்படியே இருக்கின்றன. காட்டும் சக்தி மட்டும் இல்லை. ரிப்பேர்காரர் சொன்னார்: "சூடு காட்டிக் குடுத்தர்றேனுங்ணா. ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசமும் ஓடும். ஓடறப்பவே கை மாத்தி விட்டுருங்க." அவர் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் என்னிடம் வைத்தார். அந்த உண்மை என்னோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவர் யோசனையின் சாரம்.

கார்டு என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பெரும்பாலான லாப்டாப்களில் அது மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்ட ஒரு சிப். சிலிக்கன் துண்டுக்கும் அதைத் தாங்கும் அட்டைக்கும் இடையில், வெறும் கண்ணுக்குப் பிடிபடாத அளவில், பற்றுப்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சூடேறினால் சிலிக்கன் கொஞ்சம் விரிகிறது. அட்டை அதைப்போலப் பல மடங்கு விரிகிறது. ஆறினால் இரண்டும் சுருங்குகின்றன. நடுவில் அகப்பட்ட புள்ளிகள் இந்த இழுபறியை ஆயிரக்கணக்கான தடவை தாங்கி, ஒரு நாள் விரிசல் விடுகின்றன. சூட்டைவிட, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதே அதிகம் கொல்கிறது. பாட்டரி செத்துப்போன லாப்டாப்புக்குக் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கில் சேர்கிறது. நம் ஊரில் பஞ்சுத் தூசி வேறு. நிட்டிங் ஹாலில் வைத்துத் திறந்த லாப்டாப்பின் விசிறி வாயில் அது படிந்து படிந்து கம்பளம் மாதிரி ஆகிவிடுகிறது.

ஹீட் கன்னால் சூடு காட்டும்போது, விரிசல் கண்ட புள்ளிகள் திரும்பவும் தொட்டுக்கொள்கின்றன. படம் வருகிறது. விரிசலை உண்டாக்கிய காரணமோ அப்படியே இருக்கிறது. சிப்பையே மாற்றலாம், அந்தச் செலவைப் பழைய லாப்டாப்பின் விலை தாங்காது. ஆக, சூட்டினால் நாம் வாங்குவது ஒரு தவணை.

தவணை வாங்குவதே தவறு என்று சொல்ல நான் தயாராக இல்லை. வைத்தியத்தின் பெரும்பகுதி தவணைதான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவரிடம் போய் இது சிறுநீரகத்தைக் குணப்படுத்தவில்லையே என்று யாரும் வாதிடுவதில்லை. அந்த ஒரு மாதத்தில் என் டிசைன்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கையிலிருக்கும் ஆர்டரை முடித்துக்கொடுக்கலாம். முடிவு வரும்போது எதிரில் இருக்கப்போவது நான்தான் என்கிற வரையில் இதில் குற்றம் ஏதுமில்லை. தவணையை ஒருவர் அனுபவித்து, முடிவு இன்னொருவர் கையில் போய் விழும்போது விஷயம் வேறு குணம் கொள்கிறது.

என் லாப்டாப்போடு சம்பந்தப்படாத, பகிரங்கமான ஒரு உதாரணம். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தான் தயாரித்த லாப்டாப் சிப்களில் சில வழக்கத்துக்கு மேலான விகிதத்தில் பழுதாகின்றன என்று அறிவித்து, அதற்கான செலவுக்கு 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பின் கட்டுமானப் பொருள்களில் இருந்த பலவீனம் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சிப்களைத் தன் லாப்டாப்களில் வைத்திருந்த டெல் நிறுவனம், விசிறியின் ஓட்டத்தை மாற்றும் ஒரு பயாஸ் திருத்தத்தை வெளியிட்டது. வெப்பம் ஏறி இறங்குவதை அது குறைக்கும். ஆனால் தள்ளிப்போன விரிசல் வாரண்டிக்குள் விழுமா, வாரண்டி முடிந்த மறுநாள் வாங்கியவரின் மடியில் விழுமா? விசிறியோடு நின்றிருந்தால் அது நம் ரிப்பேர்காரரின் யோசனையேதான். பிறகு வாரண்டியை ஒரு வருஷம் நீட்டித்தபோது அதே விசிறிக்கு அர்த்தம் மாறிவிட்டது. செயல் ஒன்றுதான், முடிவை யார் ஏற்பது என்பதே அதை நேர்மையாகவோ தந்திரமாகவோ ஆக்குகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் விற்கவில்லையா? விலை குறைவு என்பதே குறையின் அறிவிப்பு; வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? செகண்ட்ஸ் பனியனை விரித்துப் பிடித்தால் ஊசிக்கோடு தெரிகிறது, ஓட்டை தெரிகிறது, சாயத்தின் ஏற்ற இறக்கம் தெரிகிறது. பேரம் அந்த ஓட்டையை வைத்தே நடக்கிறது. சூடு காட்டிய லாப்டாப்பை எப்படி விரித்துப் பிடிப்பது? விற்கும் நாளில் அதன் திரை குறையே இல்லாமல் ஒளிர்கிறது. வாங்குகிறவன் எதை நம்பி வாங்குகிறானோ, அந்தத் தோற்றத்தையே குறை தனக்குத் திரையாக்கிக்கொண்டு நிற்கிறது.

ஊர் முழுவதுமே ஒரு காலத்தில் இப்படி வாழ்ந்திருக்கிறது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கழிவைத் திறந்துவிட்ட பட்டறையின் தரை சுத்தமாகத்தான் இருந்தது. உப்பு கீழே இருந்த விவசாயியின் கிணற்றுக்குப் போயிருந்தது. கழிவு வெளியேற்றம் அடியோடு நிற்கும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தவணை முடிந்தது. அப்போதும் முதலில் வேலையிழந்தவர்களில் பலர், அந்தத் தவணையால் பெரிதாக எதுவும் சம்பாதித்திராத கூலிக்காரர்கள்.

என் லாப்டாப்பில் பிராசசரோடு சேர்ந்த சிறிய கிராஃபிக்ஸ் ஒன்றும் இருந்தது. கெட்ட சிப்பைத் துண்டித்துவிட்டு அதிலேயே ஓட்டும்படி கேட்டேன். "டிசைனுக்கு ஆகாதுங்ணா" என்றார் ரிப்பேர்காரர். ஆகவில்லைதான். எழுதுவதற்கு மட்டும் ஆகிறது. டிசைனுக்குக் கடன் வாங்கி வேறொன்று வாங்கினேன்.

கடன் கிடைக்கிறவனுக்கு இந்த ஒழுக்கம் கட்டுபடியாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான வார்த்தை. அந்த லாப்டாப்பைத் தவிர வேறு முதல் இல்லாத ஒரு பையனிடம், விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. விற்கட்டும். சூடு காட்டியிருக்கிறது, ஒரு மாதம் ஓடலாம் என்று சொல்லி, அந்த ஒரு மாதத்தின் விலைக்கு விற்கட்டும். சொன்னால் விலை பாதிக்கும் கீழே விழும், அவனுக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டம் லாப்டாப் கெட்ட அன்றே உண்டாகிவிட்டது. யாராவது ஒருவர் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் தப்பிக்க இருக்கும் ஒரே வழி, விஷயம் தெரியாத இன்னொருவனைக் கொடுக்கவைப்பதுதான். அவனும் பெரும்பாலும் இவனைப் போன்ற ஒரு பையனாகத்தான் இருப்பான்.