முரியாத யாழ்

தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக விருத்தாசலம் போகிற சாலையில் இராஜேந்திரப்பட்டினம் வரும். வெள்ளெருக்கைத் தலமரமாகக் கொண்ட அந்த ஊரின் பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். அறுபத்துமூவரில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடப்பாட அந்தப் பதிகங்களை யாழில் ஏற்றியவர் அவர்; மனைவி மதங்கசூளாமணியாரும் உடன் போனார். இங்கிலாந்தில் லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்த ஜான் டௌலண்ட் (1563–1626) தம் முதல் பாடல் நூலை 1597-இல் அச்சிட்டபோது, எந்த நரம்பில் எங்கே விரல் வைப்பது என்பது வரை எழுத்தால் குறித்துவிட்டார். இன்றும் அதைப் பார்த்து வாசிக்கிறார்கள். பாணர் வாசித்ததில் ஒரு சுரம்கூட நமக்கு மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு கதை, அதுவும் அவர் தோற்ற கதை. அவர் உண்மையில் தோற்றாரா என்பதுதான் கேள்வி.

தருமபுரம் பாணருடைய தாய் பிறந்த ஊர். பதிகத்தின் இசை உலகெங்கும் பரவுவது இவர் யாழில் வாசிப்பதால்தான் என்று அங்கே உறவினர்கள் பெருமை பேசினார்கள். பாணர் பதறிப்போய், யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் தாமே கேட்டுக்கொண்டார். தன் தோல்வியைத் தானே வேண்டி நின்ற கலைஞன்! பதிகம் பிறந்தது, யாழ் திணறியது, பாணர் அதை உடைக்க ஓங்கினார். அந்தப் பண்ணுக்கே யாழ்முரி என்று பெயர். கதையை இங்கேயே நிறுத்திவிட்டுக் ‘குரல் வென்றது, கருவி தோற்றது’ என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. சம்பந்தர் பாணரை ‘ஐயர்’ என்று விளித்துத் தடுக்கிறார். எண்ணத்துக்கே எட்டாத இசையின் பெருமை செயலளவில் எட்டுமா, இந்த யாழைக் கொண்டே வந்தவரையில் வாசியும் என்கிறார். அந்தச் ‘செயல்’ என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நரம்பை மீட்டுவது செயல் என்றால் தொண்டையால் பாடுவதும் செயல்தானே? எல்லை யாழுக்கு மட்டும் போட்டதல்ல. பாடியவர் தம் குரலையும் அதற்குள்தான் வைக்கிறார். எட்டாத ஒன்றின் முன்னால் கருவியை உடைப்பது பணிவு போலத் தோன்றும். அதைப் பணிவாக ஏற்க இந்தக் கதை மறுக்கிறது.

ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதிய புராணத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். தருமபுரத்தில் அன்று என்ன நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. சைவம் இசையை எப்படி நினைத்தது என்பதற்குச் சேக்கிழார் நல்ல சாட்சி. கதையின் உட்கருவும் வெறும் அற்புதம் அல்ல. யாழில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையில் போல நரம்பை அழுத்தி இழுத்துச் சுரத்தை வளைக்க வழியில்லை. குரல் வளைந்து வளைந்து போனால் யாழ் நின்றுவிடத்தான் செய்யும். கருவியின் இயல்பைச் சைவம் அறிந்தே இருந்தது. மதுரையில் பாணர் தரையில் அமர்ந்து வாசித்தபோது, ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுத் தளரும் என்று பலகை இடச் சொன்னவர் ஆலவாய் இறைவனே. நரம்பின் விசைக்காகக் கவலைப்படுகிற கடவுள் அதை முறிக்கச் சொல்வாரா?

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அந்தணப் பிள்ளையின் குரலுக்கு முன்னால் பாணரின் கை தாழ்வதைத்தானே இந்தக் கதை கொண்டாடுகிறது? இதைத் தள்ளிவிட முடியாது. சொந்தக்காரனின் கைத்திறனைப் புகழ்ந்தது குற்றம் என்று ஆகும் இடத்தில் சாதியின் நிழல் இல்லாமல் இல்லை. சாத்தமங்கையில் அந்தணரான நீலநக்கர் வீட்டு வேள்விக் குண்டத்தின் அருகே பாணரும் மனைவியும் தங்கினார்கள், தீ வலம் சுழித்து எழுந்தது என்பது ஒரு பதில். ஆரூரில் வடதிசையில் அவருக்குத் தனி வாயில் திறந்தது என்பது அவ்வளவு தெளிவான பதில் அல்ல. தனி வாயில் கௌரவமா, விலக்கா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் திருப்பதியம் பாட இராஜராஜன் அமர்த்தியவர்கள் 48 பேர். உடன் உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். அந்த ஐம்பதில் யாழ் இல்லை. பிறகு கருவியே வழக்கொழிந்து, விபுலானந்தர் 1947-இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ எழுதித்தான் அதன் உருவைக் கணக்கிட்டுத் தேட வேண்டியிருந்தது. குரல்தான் வென்றது என்பவர்களுக்கு இது சான்றாகப் படலாம். ஆனால் திருமுறை கண்ட புராணம் வேறொன்று சொல்கிறது. தில்லையில் செல்லரித்த பதிக ஏடுகள் கிடைத்தபோது சொல் இருந்தது, இசை இல்லை. அதைத் தேடி அரசனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தில்லைக்கு அழைத்துவந்தார்கள். பதிகங்களுக்குப் பண் வகுத்துக் கொடுத்தவள் அவள்.