ஓடுகிற இலக்கு

அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவனுக்கு ரிசீவர் என்பவன் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. ஆட்டம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் நிற்பான். பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வந்ததும் ஓடத் தொடங்கி, திரையை விட்டே வெளியே போய்விடுவான். கேமரா பந்தோடு நின்றுவிடும். இரண்டரை விநாடி கழித்துப் பந்து காற்றில் எழும்போது, அது யாரை நோக்கிப் போகிறதோ அவன் மட்டும் மறுபடி திரைக்குள் வருவான். அவனோடு ஓடிய மற்ற மூன்று நான்கு பேர் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. புள்ளிவிவரத் தாளுக்கும் தெரியாது. பந்து தன்னை நோக்கி வீசப்பட்டால்தான் ரிசீவருக்குக் கணக்கே தொடங்குகிறது. தடுப்பாளனை ஐந்தடி பின்னால் விட்டுவிட்டுத் தனியாக நின்று கையை உயர்த்தியும் பந்து வரவில்லையென்றால், அந்த ஓட்டம் அந்தத் தாளில் பதிவாகாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நியூ ஜெர்சியில் என்னோடு வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நியூ யார்க் ஜெட்ஸ் ரசிகர். 1969 ஜனவரியில் சூப்பர் பௌலை வென்றதோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத அணி. அதற்கு ரசிகராக இருப்பதற்கே ஒரு தத்துவப் பயிற்சி வேண்டும். "தம்பி, பந்தைப் பாக்காத. பந்து வராதவனைப் பாரு" என்பார்.

ஒரு ஜூலை இறுதியில், ஃப்ளோரம் பார்க்கில் ரசிகர்களை உள்ளே விடும் பயிற்சி நாளன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல வெயில். ஒரு இளம் ரிசீவர் ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு யார்டு நேராக வேகம், பிறகு இடுப்பைத் தாழ்த்தி, மூன்று எட்டில் வேகத்தை அறுத்து, உடம்பைத் திருப்பிப் பந்தை எதிர்கொள்வது. அவ்வளவுதான். அந்த மூன்று எட்டு நான்காகிவிட்டால் தடுப்பாளன் பிடித்துவிடுவான். தோள் முன்கூட்டியே நிமிர்ந்தால் நிற்கப்போகிறான் என்று காட்டிக் கொடுத்துவிடும். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ ஓடி முடித்தபோது எனக்கே சலித்துவிட்டது. அவனுக்குச் சலிக்கவில்லை.

ரிசீவரின் ஆஃப் சீசன் என்பது இதுதான். போட்டிகள் முடிந்து ஏப்ரலில் அணி மறுபடி கூடும். மே, ஜூனில் உரசல் இல்லாத பயிற்சிகள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை கிட்டத்தட்ட நாற்பது நாள் யாரும் யாரையும் கேட்க முடியாத விடுமுறை. அக்கறையுள்ளவன் அப்போதுதான் உண்மையில் வேலை செய்கிறான். ஜக்ஸ் இயந்திரம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பந்தைக் கொடுத்தால், ஒரே வேகத்தில் ஒரே இடத்துக்குத் துப்பிக்கொண்டே இருக்கும். நூறு பந்து, இருநூறு பந்து என்று பிடிப்பார்கள். கை பழகும். ஆனால் அந்த இயந்திரம் யாருக்கும் பயப்படாது, யாரையும் தேடாது, தவறான ஆளைப் பார்த்துக்கொண்டும் இருக்காது. செப்டம்பரில் பந்து வரப்போவது ஒரு மனிதனின் கையிலிருந்து. அவனை நோக்கி நூற்றிருபது கிலோ ஆட்கள் ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

காரெட் வில்சனை எடுத்துக்கொள்கிறேன். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2022 டிராஃப்டில் பத்தாவது ஆளாக ஜெட்ஸுக்கு வந்தவர். முதல் ஆண்டில் அவருக்குப் பந்து வீச மூன்று பேர் மாறி மாறித் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள்: ஜோ ஃப்ளாக்கோ, ஸாக் வில்சன், மைக் வைட். (இரண்டு வில்சன்களும் உறவு கிடையாது.) அந்த நவம்பர் 20-இல் நியூ இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தில், இரண்டாம் பாதி முழுக்க ஜெட்ஸ் அணி எடுத்தது மொத்தம் 2 யார்டு. எழுத்துப் பிழை இல்லை, இரண்டுதான். 10–3 என்று தோற்றார்கள். தடுப்பு அணியை நீங்கள் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு, ஸாக் வில்சன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காரெட் வில்சனோ தன் எரிச்சலை மறைக்கவில்லை. அடுத்த வாரம் ஸாக் உட்கார வைக்கப்பட்டார், மைக் வைட் இறங்கினார். சிகாகோவோடு 31–10 வெற்றி. காரெட் வில்சனுக்கு ஐந்து பிடிப்பு, 95 யார்டு, இரண்டு டச் டவுன்.

ஏழு நாள்தான். அந்த ஏழு நாளில் அவர் சிறந்த ரிசீவராகிவிட்டாரா? அதே கால்கள், அதே மூன்று எட்டு. மாறியது இன்னொருவரின் கை. அப்படியென்றால் அந்த இரண்டு டச் டவுனில் அவருடையது எவ்வளவு?

இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் பழைய விடை ஒன்று உண்டு. ஸ்டோயிக்குகள் வில்லாளியை உதாரணம் சொல்வார்கள், சிசரோ அதைப் பதிவு செய்திருக்கிறார். நன்றாகக் குறிபார்த்து எய்வது வில்லாளியின் பொறுப்பு. காற்று அடித்து அம்பு விலகினால் அது அவன் குறை அல்ல. எய்தலில் இருக்கிறது அவன் வெற்றி, தைத்தலில் அல்ல. கீதையைப் படித்து வளர்ந்த வீடுகளில் இதற்கு நெருக்கமான ஒன்றைத் தாத்தாக்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கான்ட்டும் வேறொரு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறார்: நல்லெண்ணம் எதையும் சாதிக்காமல் போனாலும் அதன் மதிப்பு குறைவதில்லை. இருபதுகளில் இவையெல்லாம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. பதவி உயர்வு வராத ஆண்டுகளில் குறிப்பாக.

ஆனால் ரிசீவரைப் பார்க்கப் பார்க்க அந்த ஆறுதல் கழன்றுகொண்டே போனது. ரிசீவர் வில்லாளி அல்ல, இலக்கு. ஓடுகிற இலக்கு. தன் வேலையைச் சரியாகச் செய்தேன், பந்து வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று ஒரு ரிசீவர் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். நல்ல குவார்ட்டர்பேக் பந்தை வீசுவது ரிசீவர் திரும்பிய பிறகு அல்ல, திரும்புவதற்கு முன்னால். காலியாக இருக்கும் இடத்தை நோக்கி வீசுகிறான், அங்கே இவன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில். இவனும் பந்தைப் பார்க்காமலேயே ஓடுகிறான், திரும்பும்போது அது காற்றில் இருக்கும் என்ற நம்பிக்கையில். ரிசீவரின் ஓட்டம் தனக்குள் முழுமையடையும் செயல் அல்ல. அது இன்னொருவரிடம் சொல்லிவைத்த வாக்கு. கேட்பவர் யாரென்றே கவலைப்படாமல் கொடுக்கும் வாக்குக்கு என்ன பொருள்?

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே அமர்வில் இரண்டு கட்டுரைகள் வாசித்தார்கள். 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற சொற்சேர்க்கை தத்துவத் துறைக்குள் வந்தது அதில்தான். நம் கையில் இல்லாதவற்றுக்காக ஒருவரை மதிப்பிடக் கூடாது என்கிறோம், ஆனால் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் மதிப்பிடுகிறோம் என்பது நேகல் காட்டும் சிக்கல். சரி. ஆனால் அதிர்ஷ்டம் என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது காற்றையும் மழையையும் போல முகமில்லாத ஒன்றை நினைவூட்டுகிறது. திருக்குறளிலும், ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று ஓரிடத்தில் சொல்லும் வள்ளுவர், ஆள்வினையுடைமையில் ஊழையே புறமுதுகிட வைக்கலாம் என்கிறார். ஒரு பக்கம் ஊழ், ஒரு பக்கம் முயற்சி. நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளை இந்த இரண்டு இடத்திலும் காணோம். காரெட் வில்சனுக்கு ஸாக் வில்சன் ஊழ் அல்ல. இருபத்து மூன்று வயதுப் பையன். 2021-இல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி, ஒரு நகரமே தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டதால் தடுமாறியவன். ஊழைத் திட்டலாம், அதற்கு வலிக்காது.

2023 ஏப்ரலில் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்கு வந்தார். நான்கு முறை லீகின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர். மதுரைக்காரரின் குரலே மாறிவிட்டது. "இனிமே பாரு தம்பி. அந்தப் பையனுக்கு ஒரு கை கிடைச்சிருச்சு." செப்டம்பர் 11, பஃபலோவோடு முதல் ஆட்டம். நான்காவது ஸ்னாப்பில் ராட்ஜர்ஸின் குதிகால் நரம்பு அறுந்தது. கோடை முழுக்கச் சேர்ந்து உருவாக்கிய ஒத்திசைவு முழுவதும் நான்கு ஸ்னாப்பில் முடிந்தது. உள்ளே வந்தவர் மறுபடியும் ஸாக் வில்சன்தான். நான்காவது கால் பகுதியில் அவர் வீசிய ஒரு பந்தை, தடுப்பாளனின் மேல் விழுந்தபடியே தட்டித் தட்டிப் பிடித்து டச் டவுனாக்கினார் காரெட். அந்த இரவு ஜெட்ஸ் 22–16 என்று வென்றது. பொதுவெளியில் எரிச்சலைக் கொட்டிய பிறகும், அதே ஆளின் பந்துக்கு அவர் முழு உடம்பையும் கொடுத்தார். அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இங்கே என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் மூன்று பேரின் கையிலிருந்து காரெட் வில்சன் எடுத்தது 1103 யார்டு. 2024-இல் ராட்ஜர்ஸ் 17 ஆட்டமும் ஆடினார். அந்த ஆண்டு காரெட் எடுத்தது 1104. ஒரே ஒரு யார்டு அதிகம்! இதை மதுரைக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப குவார்ட்டர்பேக் முக்கியமில்லைங்கிறீங்களா அண்ணே?"

"நம்பரைப் பாத்தா அப்படித்தான் தெரியும். நீ ஆட்டத்தைப் பாத்தியா இல்லையா?"

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மோசமான அணியில் ஒரே ஒரு நல்ல ரிசீவர் இருந்தால் எல்லாப் பந்தும் அவனுக்கே போகும், அதனால் யார்டு சேரும். 2023-இல் அவரை நோக்கி 168 பந்துகள் வீசப்பட்டன, பிடித்தது 95. எல்லைக்கோட்டுக்கு அருகில், ஒரு அடி தள்ளிப்போனாலும் வீணாகும் இடத்தில்தான் வீசுபவரின் வித்தை தெரியும். முதல் இரண்டு ஆண்டும் நான்கு, மூன்று என்றிருந்த டச் டவுன் 2024-இல் ஏழானது. மறு பாதி அவருக்குப் பிடிக்காது. அந்த ஆண்டில் 41 வயதை எட்டிய ராட்ஜர்ஸும் ஒரு அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டு வந்தவர்தான். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர் தடுத்தால்தான் அவருக்கு அந்த இரண்டரை விநாடி. அணி 5–12 என்று முடித்தது. வீசுகிறவனும் யாரோ ஒருவர் கொடுப்பதை வாங்கித்தான் வீசுகிறான்.

அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை இதில் எப்படி வைப்பதென்று எனக்கு இன்னும் தெளிவில்லை. கர்ட் வார்னரோடு 2008 பருவத்தின் பிளே ஆஃப் ஆட்டங்களில் 546 யார்டு எடுத்தவர். 2010 ஜனவரியில் வார்னர் ஓய்வுபெற்றார். 2012-இல் நான்கு வெவ்வேறு ஆட்கள் வீச, ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு பருவம் முழுக்க எடுத்தது 798. ஒவ்வொரு கோடையிலும் மினியாபொலிஸில் பயிற்சி முகாம் வைத்து, மற்ற அணிகளின் இளம் ரிசீவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு உழைத்தவர். வீசியவர்களை அவர் குறைசொல்லி நான் பார்த்ததில்லை. அது பெருந்தன்மையா, இல்லை தன் உழைப்புக்குச் செய்துகொண்ட துரோகமா? எரிச்சலைக் காட்டிய காரெட் வில்சன் ஒருவகையில் நேர்மையானவர் என்றும் தோன்றுகிறது. 2 யார்டு சரியில்லை என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

இவ்வளவு நேரம் நான் ரிசீவரின் இடத்தில் நின்றே பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான். என் உழைப்பு, எனக்குப் பந்து வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் என் குழுவில், சென்னையிலிருந்து வேலை செய்த ஒரு பெண், வேலை குறைவான டிசம்பர் மாதத்தில் யாரும் கேட்காமலேயே எங்கள் பழைய பில்லிங் பகுதியை முழுக்க மாற்றி எழுதினாள். சோதனைகள் உட்பட எல்லாம் இருந்தது. நான் பார்த்தேன், நன்றாக இருந்தது. வெளியீட்டில் சேர்க்கவில்லை. ஏதாவது உடைந்தால் என் தலை உருளும் என்று பயம். அடுத்த காலாண்டு பார்க்கலாம் என்றேன், அடுத்த காலாண்டிலும் அதையே சொன்னேன். ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் 'விளைவு' என்ற கட்டத்துக்கு நேரே அவளுக்கு எழுத எதுவுமில்லை. நடுத்தர மதிப்பெண் போட்டேன். விதிப்படி அது சரி. அழைப்பில் சொன்னபோது, "பரவாயில்லங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். கேமராவை அணைத்து வைத்திருந்தாள்.

தனியாக நின்று கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டுத்தான் பந்தை வைத்துக்கொண்டேன். அவள் தன் கையில் இருந்ததைச் சரியாகச் செய்தாள், அதுவே அவளுக்கு வெற்றி என்று ஸ்டோயிக் அவளுக்கு ஆறுதல் சொல்லலாம். அதை நான் சொல்ல முடியுமா? அந்தத் தத்துவம் என் வாயிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் வேறு.

2025 ஜூலையில் ஜெட்ஸ் காரெட் வில்சனோடு நான்கு ஆண்டுக்குப் புது ஒப்பந்தம் போட்டது. ராட்ஜர்ஸ் போய்விட்டார். இடத்துக்கு வந்தவர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், ஒஹையோ ஸ்டேட்டில் காரெட்டுக்குப் பந்து வீசியவர். மதுரைக்காரர் மறுபடியும் குரல் மாறிப் பேசினார்.

அதே மாதத்தில்தான் அந்தப் பெண் வேறு குழுவுக்கு விண்ணப்பித்திருந்தாள், என்னிடம் கருத்து கேட்டு ஒரு படிவம் வந்தது. 'விளைவு' கட்டத்தில் பில்லிங் பகுதியைப் பற்றி எழுதினேன். வெளியாகாததற்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அனுப்பும் முன் இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.