பட்டா நிலத்தில் ஓரறிவுயிர்

வீட்டு மனையில் தானாக முளைத்த செடியைத் தூரோடு பறிப்பது உயிர்க்கொலையா என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணில் வேரூன்றிய சமயங்கள் ஒரே விடையைத் தரவில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்தது தொல்காப்பியம். பௌத்த விநயம், செடிகொடிகளை அழிப்பதைத் துறவிக்குக் குற்றமாக்கியது. சமணம் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் வேறு வேறு அளவு வைத்தது: வேண்டுமென்றே செய்யும் கொலையை இல்லறத்தார் முற்றும் விட வேண்டும்; சமையல், உழவு, வீடு பேணல் ஆகியவற்றில் ஓரறிவுயிர்களுக்கு நேரும் தீங்கை இயன்றவரை குறைத்தால் போதும். வைணவம் தோட்டப் பணியைத் தொண்டாகப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டினார். அங்கே துளசியடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது மரபு. களை எடுக்காமல் நந்தவனம் இல்லை. அந்தக் கைங்கரியத்தை வைணவ மரபு பாவமாகக் கொள்ளவில்லை.

வன்னியம்பட்டி உள்ளிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குவது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரமான இது, விறகுப் பஞ்சத்தைப் போக்க 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. விதை சாணத்தோடு அடுத்த மனைக்குப் போய்ச் சேர்கிறது. அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கிறது. ஆகவே அரைகுறையாக வெட்டுவது, இரக்கத்தால் செய்தாலும் சோம்பலால் செய்தாலும், தீங்கைப் பெருக்குவதே. ஒருமுறை வேரோடு எடுப்பதைவிட ஆண்டுதோறும் வெட்டுவதில்தான் உயிர்ச்சேதம் மிகுதி.

மரத்தின்மேல் குற்றம் சுமத்துவதற்கு அறத்தில் இடமில்லை. கோயில்களில் வணங்கப்படும் வன்னி அதன் நெருங்கிய உறவு. அண்மைக்காலம் வரை தாவரவியலாளர் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். விருத்தாசலத்தில் வன்னி தல விருட்சம். சீமைக் கருவேலமோ ஊரெங்கும் வெறுப்புக்குரியது. இந்த வேறுபாடு மரத்தின் பிறப்பால் வந்ததன்று. கொண்டுவந்து பரப்பியவர் மனிதர். பொறுப்பும் அவர்களையே சேரும்.

அந்தப் பொறுப்பு நில உரிமையோடு சேர்ந்து வருகிறது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக் கருவேலத்தை அகற்றும் கடமையைப் பட்டாதாரருக்கும் உரித்தாக்கியது. அதே ஆண்டில், சூழல் விளைவை ஆராயாமல் வெட்டக் கூடாது என்ற வழக்கில் சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டு ஆணைகளும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். என் மனை என்பதால் வளரவிடும் உரிமை அயலாரின் கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் தீங்கு தொடங்கும் இடத்தில் முடிகிறது. என் மனை என்பதால் அழிக்கும் உரிமைக்கும் எல்லை உண்டு. அங்கே கூடு கட்டிய பறவையும், வெற்று மண்ணைக் கரைக்கும் அடுத்த மழையும் கணக்கில் வர வேண்டும். 2022-இல் வெளியான தமிழ்நாடு அரசின் அந்நியத் தாவரக் கொள்கை அகற்றுவதோடு நில மீட்பையும் இணைத்துப் பேசுவது இதனால்தான்.

விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரமே வருமானம். மழை பொய்த்த ஆண்டில் நிலமற்றோரின் அடுப்பு எரிந்ததும் இதன் விறகால்தான். எனவே வீட்டு மனையில் அகற்றுவோர் விறகை அவர்கள் எடுத்துச் செல்ல விடுவதும், வெறுமையான இடத்தில் வேம்போ புங்கமோ நடுவதும், அடுத்த மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்குவதும் தனித்த தருமங்கள் அல்ல. பறித்தல் என்ற அதே செயலின் பகுதிகள்.